மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறவர் வெளிநாடு போனால்



ஷஃபான் பிறை பிறந்துவிட்டால் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்களின் கேள்வி மாறிவிடும். "ரமலான்ல உம்ராவுக்குப் போறோம், வாப்பாவோட ஓ.ஏ.பி. பணம் நின்னுடுமா?" என்று கேட்பார்கள். கோடை விடுமுறையில் அதே கேள்வி வேறு மாதிரி வரும். "காக்கா ஷார்ஜாவுக்கு மூணு மாசம் கூப்பிட்டிருக்காங்க, தங்கச்சிக்கு வர்ற பணத்துக்கு என்ன செய்றது?" பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம், தூத்துக்குடி, காயல்பட்டினம் என்று இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் ஒருவர் கடல் கடந்துதான் இருக்கிறார். அந்த வீட்டில் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருந்துவிட்டால் இந்தக் கேள்வி என்றைக்காவது வந்தே தீரும்.

பதில் சொல்லும் முன் நாங்கள் ஒன்று திருப்பிக் கேட்போம்: அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நம் பக்கத்தில் அரசாங்கத்திலிருந்து மாதாமாதம் வருவது எதுவானாலும் அதற்கு 'ஓ.ஏ.பி.' என்று ஒரே பெயர்தான். உண்மையில் அது பல வகை.

வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு வருமானம், சொத்து, ஆதரவு ஆகியவற்றைப் பார்த்துக் கொடுப்பது. 2023 ஜனவரி முதல் இது மாதம் 1,500 ரூபாய். 80 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிக்கப்பட்ட, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திட்டத்தில் மத்திய அரசு 300 ரூபாய் தருகிறது. மீதியை மாநில அரசு சேர்த்துத் தருகிறது. இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு போன்றவற்றுக்கு இது மாதம் 2,000 ரூபாய். இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது.

இவை போக, வேலை பார்த்த இடத்தின் வழியாக வருபவை உண்டு. ஆலையில் விபத்து நடந்து கை போனவருக்கு இ.எஸ்.ஐ. தரும் நிரந்தர ஊனப் பயன், முழுமையாக வேலை செய்ய முடியாமல் போனவருக்கு வருங்கால வைப்பு நிதி அலுவலகம் தரும் ஓய்வூதியம், ராணுவத்திலோ அரசுப் பணியிலோ இருந்தவர்களின் ஊன ஓய்வூதியம் ஆகியவை.

வெளிநாட்டுப் பயணம் என்று வரும்போது இந்த இரண்டு கூட்டமும் முற்றிலும் வேறு வேறாக நடந்துகொள்ளும். பின்னால் சொன்னவை அவர் உழைத்துச் சந்தா கட்டியோ, பணியில் அடிபட்டோ சம்பாதித்த உரிமை. அவர் தூத்துக்குடியில் இருந்தாலும் தோஹாவில் இருந்தாலும் அது அவருடையது. உயிரோடு இருக்கிறார் என்று காட்டினால் போதும். முன்னால் சொன்னவை, இந்த ஊரில் ஆதரவில்லாமல் இருக்கிறார் என்பதற்காகக் கொடுக்கப்படுபவை. ஊரில் இல்லை, அல்லது வேறு ஆதரவு கிடைத்துவிட்டது என்றால் காரணமே இல்லாமல் போய்விடுகிறது. நாங்கள் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த வித்தியாசம் தெரியாததால் வந்தவைதான்.

பக்கத்து வட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி இரண்டு காலும் நடக்க முடியாத ஒரு சகோதரி. அவரை அண்ணன் விசிட் விசாவில் அழைத்துப்போய் நான்கு மாதம் வைத்திருந்தார். பணம் கொண்டுவரும் வங்கி முகவர் வந்தபோதெல்லாம் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டார் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள்: "அவுக துபாய் போய்ட்டாக." விசாரணைக்கு வந்தவர் நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் பட்டியலில் பெயர் இல்லை. அந்த அலுவலகத்துக்கு நாங்களும் அவரோடு போனோம். புதிதாக விண்ணப்பம் போடுங்கள் என்றார்கள். பழைய கோப்பு எங்கே என்று தேடினார்கள். மறுபடியும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை. பணம் திரும்ப வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் மருந்துக் கடையில் கடன்.

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அண்ணனைப் பார்க்கப் போனார், திரும்பி வந்தார். கிளம்பும் முன் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

ஆகவே குறுகிய பயணம் போகிறவர்கள் முதலில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு ஒரு மனு எழுதுங்கள். இன்ன தேதியில் போகிறேன், இன்ன தேதியில் திரும்புகிறேன், உம்ராவுக்காக அல்லது உடன்பிறந்தாரைப் பார்ப்பதற்காக, இந்த மாதங்களில் நான் ஊரில் இருக்க மாட்டேன் என்று நான்கு வரி போதும். விசாவின் நகலையும் போக வர எடுத்த பயணச்சீட்டின் நகலையும் இணைத்துவிடுங்கள். திரும்பும் சீட்டுதான் முக்கியம். மனுவின் இன்னொரு படியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒரு படி. பணம் கொண்டுவரும் முகவரிடம் வாயால் சொன்னாலே போதும், ஆனால் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். விசாரணை என்று வருகிறவர் முதலில் கேட்பது அவர்களைத்தான். போகிற மாதத்துப் பணம் கைக்கு வராமல் போகலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பெயர் பட்டியலில் இருந்தால் அடுத்த மாதம் தொடரும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உதவித்தொகை வாங்குகிறவருக்கு உம்ரா எதற்கு என்று பேசுகிறவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். மச்சான் ஒருவர் செலவு செய்து அழைத்துப் போனால் அவர் பணக்காரர் ஆகிவிட மாட்டார். பதினைந்து நாள் கழித்து அதே திண்ணைக்குத்தான் திரும்பி வருகிறார். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் யாரிடமும் சொல்லாமல் போகிறார்கள். சொல்லாமல் போவதுதான் சிக்கலின் தொடக்கம்.

நீண்ட காலம் போகிறவர்களின் விஷயம் வேறு. மகனோடு குடும்ப விசாவில் வளைகுடாவில் குடியிருக்கப் போகிற வாப்பாவின் உதவித்தொகையை என்ன செய்வது? பலர் செய்வது இதுதான்: ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் உறவினர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மாதாமாதம் அவர் எடுத்துக்கொள்கிறார். சென்ற ஆண்டு இப்படி ஒரு குடும்பத்தார் எங்களிடம் வந்தார்கள். அவர்களுடைய பெரியவர் வெளிநாடு போய் ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. விசாரணை வந்திருக்கிறது. "காக்கா, ஊர்லதான் இருக்காங்கன்னு ஜமாஅத் லெட்டர்பேடுல ரெண்டு வரி மட்டும் எழுதிக் குடுங்க" என்றார்கள்.

நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. சிறிது மனத்தாங்கல் வந்தது, இன்னும் முழுமையாகத் தீரவில்லை. ஏன் மறுத்தோம் என்பதை இங்கே வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். அவரது பாஸ்போர்ட்டில் போன தேதி முத்திரையாக இருக்கிறது. எங்கள் தாள் அதை அழிக்காது. பொய்யென்று தெரிந்தால் வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லும் உத்தரவு அந்தப் பெரியவர் பெயரில்தான் வரும், அட்டையை வைத்திருந்தவர் பெயரில் வராது. இது ஒன்று. அடுத்து, நாளை உண்மையாகவே ஊரில் இருக்கும் ஒரு விதவைக்கோ ஒரு பார்வையற்றவருக்கோ நாங்கள் கடிதம் கொடுத்தால் அதை யார் நம்புவார்கள்? நமது கடிதத்துக்கு அலுவலகங்களில் இருக்கும் மரியாதை நமது சொத்து இல்லை, அது அமானத். அதைவிட ஒன்று, எங்கள் மேசையில் இன்றைக்கும் பதினொரு பேருடைய விண்ணப்பங்கள் கிடக்கின்றன. எல்லாம் காத்திருப்பவை.

அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் சொன்ன வழி இது. தாமாகவே எழுதிக் கொடுங்கள்: இன்ன தேதி முதல் மகனின் பராமரிப்பில் வெளிநாட்டில் இருக்கிறேன், உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளவும் என்று. மகனின் வேலை போய், எல்லோரும் ஊர் திரும்ப நேர்ந்தால் மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. தானாக விட்டுக்கொடுத்தவர் என்ற தாள் கையில் இருந்தால் அப்போது அது உதவும். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை செல்லுபடியாக இருக்கிறதா என்பதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

தலைகீழான நிலையும் உண்டு. அதுதான் எங்களுக்கு அதிகக் கவலை தருகிறது. உதவித்தொகை வாங்கும் பிள்ளை ஊரில் இருக்கும். அதன் காப்பாளரான தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவார். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் 2,000 ரூபாய் தாயின் பெயரோடு சேர்ந்த கணக்குக்குத்தான் வரும். தாய் போனபின் வங்கியில் பாட்டியின் கையெழுத்து செல்லாது. கணக்கில் பணம் கிடக்கும், பிள்ளைக்கு மருந்து இருக்காது. தாய் விமானம் ஏறும் முன்பே, கோரம்பள்ளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காப்பாளர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்து, வங்கியிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்திருந்தால் தாய் என்பதால் மட்டும் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது. இது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. விசா வந்தபின் ஓடாமல், ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கும் அன்றே தொடங்குங்கள்.

இனி உரிமையாக வரும் ஓய்வூதியங்கள். இவற்றில் ஆண்டுக்கு ஒரு முறை கொடுக்கும் உயிர்வாழ் சான்றுதான் எல்லாம். வைப்பு நிதி ஓய்வூதியத்தில் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். ஆகவே தேதி வரும் வரை காத்திருக்காமல் கிளம்புவதற்கு முந்தின வாரமே கொடுத்துவிட்டால் அடுத்த பன்னிரண்டு மாதம் கவலையில்லை. மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் மாதம். அவர் அந்த நேரத்தில் வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ நேரில் போய்ச் சான்றில் கையொப்பம் பெற்று அனுப்பலாம். ஜித்தா, துபாய், ஹாங்காங் மூன்றிலும் இந்தியத் துணைத் தூதரகம் உண்டு. கைரேகை தேய்ந்துபோனவர்களுக்கு இப்போது முகத்தைக் காட்டியே கைப்பேசியில் சான்று கொடுக்கும் வசதியும் வந்துவிட்டது. உப்பளத்தில் வேலை பார்த்தவர்களின் ரேகை எந்த இயந்திரத்திலும் விழுவதில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வேலைக்காகவோ, எப்போது திரும்புவோம் என்று தெரியாமலோ வெளிநாடு போகிறவர் தமது சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. ஓய்வூதியம் அந்தக் கணக்குக்கே வரும். விசிட் விசா, உம்ரா, ஹஜ் பயணங்களுக்கு இது வேண்டியதில்லை.

வெளிநாட்டு வேலையிலேயே ஊனமாகித் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போன தொழிலாளிக்குக் கட்டாயமாக எடுக்கப்படும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில், விபத்தில் நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் வரை உண்டு. பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். பலருக்குத் தம் பெயரில் அந்தப் பத்திரம் இருப்பதே தெரியாது. ஏஜெண்டிடம் கேட்டு வாங்கி வீட்டில் ஒரு நகல் வையுங்கள். சவூதியில் வெளிநாட்டவருக்கும் பணியிட விபத்துக் காப்பீடு இருக்கிறது, சந்தா முழுவதும் முதலாளியே கட்டுவது. ஆனால் நிரந்தர ஊனத்துக்கு நம்மவருக்குக் கிடைப்பது மாத ஓய்வூதியமல்ல, மொத்தத் தொகை. மலேசியாவில் 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் பணியிடக் காப்பீட்டுக்குள் வந்துவிட்டார்கள். எங்கே அடிபட்டாலும் மருத்துவ அறிக்கை, போலீஸ் அறிக்கை இரண்டும் கையில் இல்லாமல் ஊருக்கு விமானம் ஏறாதீர்கள். இங்கே வந்து அங்கிருந்து வரவழைப்பது மிகவும் கடினம்.

எல்லா நாடும் இதே கணக்குத்தான் போடுகிறது என்பதற்கு ஹாங்காங் ஓர் உதாரணம். அங்கே இரத்தின வியாபாரத்தில் இருக்கும் காயல்பட்டினக் குடும்பங்கள் பல. அந்த ஊர் நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் ஊன உதவித்தொகையில், ஓராண்டில் 60 நாளாவது அங்கே தங்கினால் மீதி 305 நாள் வரை வெளியூரில் இருக்கலாம். பிரிட்டனில் அதே போன்ற உதவி 13 வாரம் வெளிநாட்டில் இருந்தால் நின்றுவிடும்; சிகிச்சைக்காகப் போனால் 26 வாரம். ஆகவே அங்கிருந்து விடுமுறைக்கு ஊர் வந்து, நோன்பு, பெருநாள், கல்யாணம் என்று நாளைக் கடத்துகிறவர்களும் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

நமது அலுவலகம் வெள்ளி தவிர மற்ற நாள்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் திறந்திருக்கும். மனு எழுதித் தருகிறோம், கட்டணமில்லை. வரும்போது பாஸ்போர்ட், தனித்துவ அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், உதவித்தொகை உத்தரவின் நகல் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். உத்தரவு தொலைந்திருந்தால் அதைத் தேடி எடுப்பதற்கே ஒரு வாரம் ஆகும். அதையும் கணக்கில் வைத்து, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாருங்கள்.