வசூலுக்கு முன் செலவை எழுதுங்கள்

கொங்கு நாட்டில் பேரிடர் பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். கடலோரத்தில் புயலுக்குப் பெயர் வைக்கிறார்கள், கரையைக் கடக்கும் நேரத்தைச் சொல்கிறார்கள், மறுநாள் காலையில் சாய்ந்த மரங்களின் படம் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்துவிடுகிறது. இங்கே மழை பொய்ப்பதுதான் பேரிடர். 2016இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாகத் தமிழக அரசு அறிவித்தது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னைகளில் முதலில் மட்டை தொங்கியது, பிறகு குரும்பை கொட்டியது, கடைசியில் கொண்டையே சரிந்தது. இது ஒரே நாளில் நடப்பதல்ல, மாதக்கணக்கில் நடப்பது. எந்த நாளில் உண்டியலைத் தூக்குவது என்று யாருக்கும் தெரியாது. தெரிவதற்குள் மாடு சந்தைக்குப் போய்விடுகிறது.

ஊருக்கு ஒன்று என்றால் பணம் திரட்டும் பழக்கம் நம்மிடம் இல்லாமல் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு குழு, அதில் ஒரு ஜிபே எண், ‘முடிந்ததைக் கொடுங்கள்’ என்று ஒரு வரி போதும், இரண்டு நாளில் லாரி கிளம்பிவிடும். அந்த வேகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் லாரியில் என்ன போகிறது என்று பார்க்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மலையாகக் குவிந்து கிடந்ததை நாடே பார்த்தது. வீட்டை இழந்த மீனவருக்குத் தேவைப்பட்டது படகும் வலையும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது பேராவூரணி, பட்டுக்கோட்டை, கீரமங்கலம் பகுதிகளில் தோப்பு தோப்பாகத் தென்னை விழுந்தது. அரிசியும் போர்வையும் முதல் வாரத்துக்கு உதவின. நெட்டை ரகத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகள் அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும்? பொள்ளாச்சிக்காரருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொந்த ஊருக்காக நிதி திரட்டுகிறவர்கள் முதலில் எழுத வேண்டியது வேண்டுகோளை அல்ல, செலவுத் திட்டத்தை. எந்த வேலை, எத்தனை பேருக்கு, எந்த மாதத்தில், எவ்வளவு என்று எழுதிக் கையில் வைத்துக்கொண்டுதான் வசூலுக்கு இறங்க வேண்டும். இரக்கத்தை நம்பித் தொடங்கும் வசூல் முதல் வாரத்தோடு வற்றிவிடும். குறிப்பிட்ட ஒரு வேலைக்காகக் கேட்கும் வசூல் அந்த வேலை முடியும்வரை நிற்கும்.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2013இல் கோவை உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வாரியபோது சிறுதுளி, ராக் போன்ற அமைப்புகள் மாநகராட்சியோடு கைகோத்தன. ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியோடு குளத்துக்குள் இறங்கினார்கள், தொழில் நிறுவனங்கள் இயந்திரமும் பணமும் தந்தன. 2017 வறட்சியில் பேரூர் பெரியகுளத்தில் வேலையைத் தொடங்கிய கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு, ஞாயிறுதோறும் கூடுவதையே வழக்கமாக்கிக்கொண்டது. பிறகு வெள்ளலூர் குளத்துக்கு நொய்யல் தண்ணீர் வரும் வாய்க்காலைச் சுத்தம் செய்தது. கஜாவுக்குப் பின் பேராவூரணியில் உருவான கைஃபா என்ற கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கமும் நிவாரணப் பொருளோடு நின்றுவிடவில்லை. 2019இல் 564 ஏக்கர் பரப்புள்ள பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரும் வேலையைக் கையிலெடுத்து, அதற்காக ஊராரிடமும் வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் பணம் கேட்டது. புயல் சாய்த்தது மரத்தை, இவர்கள் சரிசெய்யப் போனது குளத்தை. தண்ணீர் இல்லாமல் புதுக்கன்று பிழைக்காது என்பதால் அதுதான் சரியான இடம். இந்த மூன்றிலும் கொடுத்தவர் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று இருந்தது: கரை உயர்கிறது, வண்டல் வெளியேறுகிறது, அடுத்த மழைக்குத் தண்ணீர் நிற்கிறது.

வறட்சிக்கு ஒரு செலவுத் திட்டம் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ஒரு கிராமத்தில் இரண்டு மாடு, மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணலாம். ஒரு மாட்டுக்கு மாதம் எத்தனை கட்டு சோளத்தட்டு வேண்டும், வெளியூரிலிருந்து வாங்கினால் வண்டி வாடகையோடு கட்டு என்ன விலை, அடுத்த மழைவரை எத்தனை மாதம் என்று பெருக்கினால் ஒரு தொகை வரும். அந்தத் தொகைதான் வசூலின் இலக்கு. அது கிடைத்தால் மாடு அடிமாட்டு விலைக்குப் போகாது. மழை வந்தபின் புதிதாக மாடு வாங்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் தீவனத்துக்குக் கொடுப்பது சின்னத் தொகை. குளம் தூர்வாருவதற்கும் இதே கணக்குதான்: ஹிட்டாச்சி வாடகை, டீசல், டிப்பர் நடை. நீர்வளத் துறையிடமோ உள்ளாட்சியிடமோ முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வண்டலை விவசாயிகள் தோட்டத்துக்கு எடுத்துச் செல்ல அரசே வழி செய்திருக்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் அந்த வேலையை முதலிலேயே முடித்துவிட்டால் மண்ணை அப்புறப்படுத்தும் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

கணக்கு எழுதத் தெரியாது என்று எந்த ஊரும் சொல்ல முடியாது. கல்யாண மண்டபத்து வாசலில் இருவர் உட்கார்ந்து எழுதும் மொய் நோட்டைப் பாருங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை. 101 ரூபாய் கொடுத்தவருக்கும் ஒரு வரி, 10,001 கொடுத்தவருக்கும் ஒரு வரி. 20 ஆண்டுகள் கழித்துப் புரட்டினாலும் யார் என்ன செய்தார் என்று தெரியும். கும்பாபிஷேகம் முடிந்தால் தலைக்கட்டு வரி எவ்வளவு வந்தது, ஸ்தபதிக்கும் பந்தலுக்கும் எவ்வளவு போனது என்று வரவு செலவு படிக்காமல் ஊர்க்கூட்டம் கலையாது. பேரிடர் வசூலில் மட்டும் ஏன் இந்த ஒழுங்கை விட்டுவிடுகிறோம்? அவசரம் என்ற ஒரே காரணத்துக்காக. அவசரத்தில்தான் கணக்கு அதிகம் தேவை.

பணம் யார் கணக்கில் சேர்கிறது என்பதும் முக்கியம். நல்ல எண்ணத்தோடு தன் சொந்த வங்கிக் கணக்கைக் கொடுக்கும் இளைஞருக்கு ஒரு சிக்கல் உண்டு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் சும்மா வந்த பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அந்தத் தொகை முழுவதும் அவருடைய வருமானமாகவே பார்க்கப்படும். பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றின் கணக்கில், இரண்டு பேர் கையெழுத்தோடு எடுக்கும்படி வைப்பது பாதுகாப்பு. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால் அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் வந்தபிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

திட்டம் போட்டுக்கொண்டிருந்தால் மக்கள் மனம் ஆறிவிடும், சூட்டோடு சூடாக வாங்கினால்தான் உண்டு என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. முதல் மூன்று நாள் உணவுக்கும் மருந்துக்கும் உடனே திரட்டத்தான் வேண்டும். அதைத் தனிக் கணக்காக நடத்தி, தனியாக முடித்துவிடலாம். நான் சொல்வது நான்காம் நாளிலிருந்து தொடங்கும் வசூலைப் பற்றி. வேலை தெளிவாக இருந்தால் மனம் ஆறுவதில்லை என்பதற்குக் கோவையின் ஞாயிற்றுக்கிழமைகளே சாட்சி. இன்னொரு கேள்வி கனமானது: இதெல்லாம் அரசின் கடமை அல்லவா? கடமைதான். குளத்தைப் பராமரிப்பதும் இழப்பீடு தருவதும் அரசு செய்ய வேண்டியவை. ஊர் பணம் திரட்டுவதால் அந்தப் பொறுப்பு கழிந்துவிடக் கூடாது. ஆனால் அரசின் நிவாரணம் பட்டா, சிட்டா, அடங்கல் வழியே போகிறது. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு ஓட்டுபவர், தோட்டத்துக் கூலி, காய்ந்த ஊரில் வியாபாரம் படுத்த டீக்கடைக்காரர் ஆகியோருக்கு அந்தக் காகிதத்தில் இடம் கிடைப்பது அரிது. ஊர்ப்பணம் போக வேண்டியது அவர்களிடம்.

இங்கேதான் எனக்கு மிகவும் கவலை தரும் ஆட்சேபம் வருகிறது. ஊர் வசூல் என்பது யாருடைய ஊர்? தலைக்கட்டுக் கணக்கில் எல்லாத் தெருவும் வருவதில்லை. வரி வாங்காத தெருவுக்கு உதவியும் போகாமல் இருந்துவிடும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் தலித் குடியிருப்பின் மீது சரிந்து 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டும் யாரும் கேட்கவில்லை என்று குடியிருப்பு மக்கள் சொன்னார்கள். மழைக்கு முன்பே காதில் விழாத தெருவின் குரல், மழைக்குப் பின் வசூல் குழுவின் காதில் மட்டும் தானாக விழுந்துவிடாது. அதனால் செலவுத் திட்டம் எழுதுகிறவர்கள் கோயில் திண்ணையில் உட்கார்ந்து எழுதத் தொடங்க வேண்டாம். நோட்டை எடுத்துக்கொண்டு ஊரின் கடைசி வீட்டுக்குப் போய், அங்கிருந்து எண்ணிக்கொண்டு வரட்டும். குழுவில் அந்தத் தெருப் பெண்கள் இருவராவது இருக்கட்டும், காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமையோடு.