கியர்பாக்ஸில் என்ன ஆயில்? பில்லைக் கேளுங்கள்

பழைய சொகுசுக் கார் வாங்குகிறவர் டயரைப் பார்க்கிறார், பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார், எஞ்சின் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்கிறார். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸில் எந்த ஆயில் இருக்கிறது, அதை ஊற்றியது யார் என்று கேட்பவர் அபூர்வம். அந்தக் கியர்பாக்ஸ் கெட்டுப்போனால் செலவு லட்சங்களில் வரும். பத்து வயதைத் தாண்டிய ஜெர்மன் கார்களில் அது காரின் விற்பனை மதிப்பையே நெருங்கிவிடக்கூடும். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக ஊற்றிய தவறான ஆயில் இந்த நிலைக்குக் கொண்டுபோய் விடலாம்.

எந்த ஆயில் என்பதை நிறமோ, விலையோ, டப்பாவில் உள்ள பெயரோ தீர்மானிப்பதில்லை. தயாரிப்பாளர் அந்தக் கியர்பாக்ஸுக்கென்று விதித்த தரக் குறியீடுதான் தீர்மானிக்கிறது. அந்தக் குறியீடு நீங்கள் வாங்கும் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கார் நல்லபடி ஓடவும், ஓடாமல் போனால் நியாயம் கேட்கவும் அந்த ஒரு வரிதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

மெக்கானிக்குகள் 'ஏடிஎஃப்' என்று சொல்லும் இந்த ஆயிலுக்கு எஞ்சின் ஆயிலைவிட வேலை அதிகம். டார்க் கன்வர்ட்டருக்குள் எஞ்சினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது இதுதான். வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் அழுத்தத்தோடு பாய்ந்து கிளட்சுகளைப் பிடிக்கவும் விடவும் வைப்பதும் இதுதான். பல்சக்கரங்கள் தேயாமல் காப்பதும், சூட்டைக் கூலர்வரை கொண்டுபோய் இறக்குவதும் இதன் பொறுப்பு. இவற்றில் மிக நுட்பமானது கிளட்ச். ஆயிலில் முழுகிக் கிடக்கும் தட்டுகள் அந்த ஈரத்திலேயே ஒன்றையொன்று பற்ற வேண்டும். அளவுக்கு மேல் வழுக்கினால் தட்டு கருகும். சட்டென்று கவ்வினால் கார் உதறும். இந்த உராய்வின் அளவை நிர்ணயிப்பவை ஆயிலில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவில் இதற்காக ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970-ல் அந்தத் திமிங்கலம் அங்கே அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாகப் பட்டியலிடப்பட்டபின், மாற்றுப்பொருள் தேட வேண்டிய கட்டாயம் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு கியர்பாக்ஸ் தயாரிப்பாளரும் தன் கிளட்ச் தட்டுக்கு ஏற்ற கலவையைத் தனியாக வகுத்துக்கொண்டே வந்திருக்கிறார். அதனால்தான் எல்லாக் காருக்கும் ஒரே ஆயில் என்பது நடக்கிற காரியம் இல்லை.

கெட்டித்தன்மையும் மாறிவிட்டது. 1990-களில் பரவலாக விற்ற டெக்ஸ்ரான் 3 தரத்தைவிட, 2005-ல் வந்த டெக்ஸ்ரான் 6 மெல்லியது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகப் புதிய கியர்பாக்ஸ்கள் மெல்லிய ஆயிலை நம்பியே வடிவமைக்கப்படுகின்றன. அவற்றில் பழைய கெட்டி ஆயிலை ஊற்றினால், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வைத்திருக்கும் நேரத்துக்குக் கிளட்ச் பிடிக்காது.

கார் பெயரை மட்டும் சொல்லி ஆயில் கேட்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு மெர்சிடிஸ் நல்ல உதாரணம். அதன் ஏழு கியர் கொண்ட 722.9 வகைப் பெட்டிக்கு முதலில் 236.14 என்ற தரத்தில் சிவப்பு ஆயில் வந்தது. 2010 வாக்கில் 'பிளஸ்' வகை வந்தபோது தரம் 236.15 ஆனது, ஆயிலின் நிறமும் நீலமானது. ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றக் கூடாது. அதே நிறுவனத்தின் ஏ கிளாஸ், சிஎல்ஏ போன்ற சிறிய கார்களில் வந்த ஏழு கியர் பெட்டி முற்றிலும் வேறு. அது இரட்டைக் கிளட்ச் வகை, அதற்குரிய தரம் 236.21. ஒன்பது கியர் பெட்டிக்கு 236.17. "மெர்சிடிஸ், ஏழு கியர்" என்று கடையில் கேட்டால் 236.14, 236.15, 236.21 ஆகிய மூன்றில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம்.

ஆடி ஏ4 வாங்கியவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். ஒரே தலைமுறைக் காரில் சங்கிலியில் ஓடும் மல்டிட்ரானிக் சிவிடி, எஸ் ட்ரானிக் இரட்டைக் கிளட்ச், வழக்கமான டிப்ட்ரானிக் என்று மூன்று வகைப் பெட்டிகள் வந்திருக்கின்றன. மூன்றுக்கும் ஆயில் வேறு. எஸ் ட்ரானிக்கின் ஏழு கியர் வகையில் கிளட்ச் பகுதிக்கு ஒரு ஆயில், பல்சக்கரப் பகுதிக்கு இன்னொரு ஆயில். லெக்சஸில் பழைய டைப் டி-4 தரமும் புதிய டபிள்யூஎஸ் தரமும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. இரண்டுமே சிவப்பாக இருப்பதால் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆகவே காரின் 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்தக் கியர்பாக்ஸின் வகை என்ன, ஆயிலின் தரக் குறியீடு என்ன என்பதை ஷோரூமின் பாகங்கள் பிரிவில் எழுதி வாங்குங்கள். பெட்டியின் மேல் உள்ள தகட்டிலும் வகை எண் இருக்கும்.

டப்பாவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். "எம்பி அப்ரூவல் 236.15" என்று அச்சாகியிருந்தால், மெர்சிடிஸ் சோதித்து ஒப்புக்கொண்ட ஆயில் என்று பொருள். "236.15 தேவைப்படும் கார்களுக்கு ஏற்றது" என்று இருந்தால், அது ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது. ஒப்புதல் பெற்ற ஆயில்களின் பட்டியலை மெர்சிடிஸ் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. கார் நிறுவனத்தின் முத்திரை இருக்கும் டப்பாதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒப்புதல் பெற்ற வேறு நிறுவன ஆயில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். தவிர்க்க வேண்டியது 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று நீண்ட பட்டியலோடு வரும், ஒப்புதல் எண்ணே இல்லாத டப்பா.

இனி 'லைஃப்டைம் ஆயில்' விஷயத்துக்கு வருவோம். மாற்றவே வேண்டாம் என்று பல சொகுசுக் கார் விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். பிஎம்டபிள்யூ, ஜாகுவார், லேண்ட் ரோவர் உள்ளிட்ட பல கார்களில் இருக்கும் எட்டு கியர் பெட்டியை வடிவமைத்தது ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம். 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்வது அந்த நிறுவனமே. அந்தப் பெட்டிக்கான லைஃப்கார்டு 8 ஆயிலைத் தன் பெயரில் விற்கவும் செய்கிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமம் ஈரக் கிளட்ச் கொண்ட ஆறு கியர் டிஎஸ்ஜி இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறது. மே மாதத்து அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகரும் கார், ஐரோப்பிய நெடுஞ்சாலையில் சீராக ஓடும் காரைவிடச் சூட்டை அதிகம் தாங்குகிறது. இசட்எஃப் சொல்லும் வரம்பின் கீழ்ப்பக்கத்தை எடுத்துக்கொள்வதே நமக்கு நல்லது என்பது என் கருத்து. சர்வீஸ் சென்டர் "மாற்றத் தேவையில்லை" என்றால், அதையே ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் இருப்பது நல்லது. இசட்எஃப் எட்டு கியர் பெட்டியில் ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் பாகம். ஆயிலோடு அதையும் மாற்ற வேண்டும். ஆயில் மட்டத்தை எஞ்சினை ஓடவிட்டு, ஆயிலின் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, ஸ்கேனரைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் கண் மதிப்பில் ஊற்றும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். நட்டைத் திறந்தால் மொத்த ஆயிலும் வடிந்துவிடாது; டார்க் கன்வர்ட்டரில் கணிசமான பங்கு தங்கிவிடும். தவறான ஆயிலை ஒருமுறை ஊற்றிவிட்டால் முழுமையாக வெளியேற்றப் பல தடவை வடித்து நிரப்ப வேண்டியிருப்பது இதனால்தான். சீல் உங்கள் கண்முன் உடைபடட்டும். டப்பாவின் பேட்ச் எண்ணைப் படம் எடுங்கள். காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிடுங்கள். அசல் டப்பாவில் மலிவு ஆயிலை அடைத்து விற்கும் மோசடிக்குக் காலி டப்பாதான் மூலதனம். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்ட விடாதீர்கள். சட்டப்படி அது அபாயகரமான கழிவு.

ஆயில் மாற்றியபின் சீரான வேகத்தில் போகும்போது மெல்லிய அதிர்வு, 'டி'-யில் போட்டதும் நகரத் தாமதம், கியர் இறங்கும்போது இடி, கருகிய வாடை ஆகியவை தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் ஆயில்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே தேய்ந்துபோன கிளட்சைப் புது ஆயில் காப்பாற்றாது. ஆயில் மாற்றுவதற்கு முன்பே ஸ்கேன் எடுத்து, பிழைக் குறியீடுகளை அச்சிட்டு வாங்கிவைப்பது, இந்தத் தகராறு பின்னால் வரும்போது உங்களுக்கும் நேர்மையான மெக்கானிக்குக்கும் பாதுகாப்பு.

இனி உரிமைகள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. எந்த ஆயில், எத்தனை லிட்டர், என்ன குறியீடு என்று கேட்பது அந்த உரிமைதான். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பில் கொடுக்க மறுப்பதை அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் தெருமுனைப் பட்டறையும் பெரிய ஷோரூமும் சேவைக் குறைபாட்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை.

வெளியே ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்ற மிரட்டல் பலருக்கும் வந்திருக்கும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டி ரத்து என்று நிபந்தனை வைக்கக் கூடாது என்றும் அந்த ஆணை சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. எனவே வாரண்டிக் காலத்தில் இருக்கும் காருக்கு வீண் வழக்கைத் தேடிக்கொள்ளாமல், நிபந்தனையை எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டு முடிவெடுங்கள். காரை ஒரு நிறுவனத்தின் பெயரில் வாங்கியிருப்பதால் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்பதும் முழு உண்மையல்ல. இயக்குநரின் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய சொகுசுக் கார் வணிக நோக்கத்துக்கானது அல்ல என்ற தீர்ப்பை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வாடகைத் தொழிலில் ஓடும் காருக்கு இது அப்படியே பொருந்தாது.

தவறான ஆயில் ஊற்றிவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால், அவர்களிடமே மறுபடி விட்டு ஆயிலை வடித்துவிட அனுமதிக்காதீர்கள், ஆதாரம் போய்விடும். வேறொரு தகுதியான பட்டறையில் ஆயிலைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, தேதி எழுதி, சீல் வைத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பிறகு வேலை செய்தவருக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் புகார் அனுப்பிப் பதிலுக்கு 15 நாள் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். வழக்குக்குப் போகாமலே தீர்ந்துவிட வாய்ப்பு உண்டு. தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடலாம். கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, செலுத்திய தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அது 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. 50 லட்சம்வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு.

காலக்கெடு இரண்டு ஆண்டு. "இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள், செட் ஆகிவிடும்" என்ற பேச்சில் அந்தக் காலம் கரைந்துவிடும். உதறல் தெரிந்த அன்றே எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.