நீட் இல்லாம மருந்துத் துறையா? பி.ஃபார்ம்ல என்னதான் படிப்பாங்க?

'நீட் கிடைக்கலைன்னா என்ன பண்றது?' சங்கராபுரம் பக்கம் ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கும் இதே கவலைதான். பி.ஃபார்ம் ஒரு நல்ல பதில். இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் படிச்சிருந்தா போதும். தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மார்க்தான் கணக்கு.

மாத்திரை எடுத்துக் கொடுக்க 4 வருஷப் படிப்பான்னு நினைக்காதீங்க. 8 செமஸ்டர்களில் முக்கியப் பாடங்கள் நாலு:

* பார்மசூட்டிக்ஸ்: மாத்திரை, சிரப், களிம்பு தயாரிக்கும் முறை.
* பார்மகாலஜி: உடம்புக்குள்ள போற மருந்து என்ன செய்யுது?
* மருந்து வேதியியல்: மூலக்கூறுகளைப் பிரிச்சு மேயுற ஏரியா.
* பார்மகோக்னசி: மூலிகை ஆராய்ச்சி. நம்ம ஊர் ஆடாதோடையில் இருக்கும் வாசிசினை அடிப்படையா வெச்சுத்தான் சளிக்கான புரோம்ஹெக்சின் மருந்தே உருவாச்சு. கல்வராயன் மலைப் பக்கத்துப் பசங்க இதை விரும்பிப் படிக்கலாம்!

முதல் செமஸ்டரில் கணக்கு குரூப் மாணவர்களுக்கு உயிரியலும், உயிரியல் குரூப்புக்குக் கணக்கும் தனியா சொல்லித் தருவாங்க. அதனால பயம் வேண்டாம். ஆனா, லேப் வேலை நிறைய இருக்கும்.

ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி, அந்தக் கல்லூரிக்கு இந்திய ஃபார்மசி கவுன்சில் அனுமதி இருக்கான்னு அவசியம் பாருங்க. இல்லைன்னா, பட்டம் வாங்கினாலும் மாநில கவுன்சிலில் ஃபார்மசிஸ்ட்டா பதிவு பண்ண முடியாது. பதிவு இல்லாம, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க சட்டத்தில் இடமில்லை. 4 வருஷ உழைப்பும் அப்பா அம்மா கட்டின பணமும் வீணாகிடும்!