ஒக்லாந்தில் கண்ட முகங்கள்

கல்முனையில் எங்கள் வீட்டுச் சுவர்களில் மனித முகம் எதுவும் தொங்கியதில்லை. கஃபாவின் படமும் அரபெழுத்தில் வரைந்த திருவசனமுமே அவற்றை அணிசெய்தன. உருவப்படம் மார்க்கத்துக்கு ஒவ்வாதென்பது வாப்பாவின் துணிபு. அவ்வாறு வளர்ந்த எனக்கு, நியூசிலாந்தின் ஒக்லாந்து நகர ஓவியக்கூடத்தைக் காணும் வாய்ப்பு ஒருமுறை கிட்டியது.

அங்கே மவோரி மூதாதையரின் முகங்கள் வரிசையாக விளங்கின. தீட்டியவர், பொகீமியாவிலிருந்து 1874-இல் அந்நாட்டிற் குடியேறிய கொட்ஃபிரிட் லின்டவர். ஹென்றி பாட்ரிட்ஜ் என்னும் வணிகர் அவரைக்கொண்டு தீட்டுவித்து, 1915-இல் நகருக்கு வழங்கிய செல்வம் அது. முகத்திற் சுருள் சுருளாக ஓடும் ‘மோக்கோ’ என்னும் பச்சைக்கோடுகள் ஒருவரின் குலத்தையும் தகுதியையும் உரைப்பவை. ஓவியர் அவற்றை வெகு நுணுக்கமாகத் தீட்டியிருந்தார்.

தாமத்தி வாக்கா நேனே என்னும் தலைவரின் படத்தின்முன் நெடுநேரம் நின்றேன். அவர் மறைந்தது 1871-இல். ஓவியர் அந்நாட்டை அடைந்ததோ மூன்றாண்டு கழித்து. பழைய புகைப்படமொன்றைத் துணைக்கொண்டே 1890-இல் அவருக்கு வண்ணத்தில் உருக்கொடுத்திருக்கிறார். மவோரி மக்களுக்கு இவை வெறும் படங்களல்ல. மூதாதையரே முன்னிற்பதாகக் கொண்டு அவற்றுடன் பேசுவர், அழுவர். என்னருகே நின்ற மூதாட்டியொருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

அக்குரல் என்னை ஊருக்கு இழுத்துச் சென்றது. 2004 டிசம்பர் 26-இல் கடல் எங்கள் கரைக்குள் புகுந்தபோது என் ராத்தாவையும் கொண்டுபோயிற்று. அடையாள அட்டைக்கென எடுத்த சிறுபடத்தின் பிரதியொன்று மாத்திரம் என் பெட்டியில் எஞ்சியது. வாழ்நாளில் அவர் எடுத்துக்கொண்ட படம் அதுவொன்றே. அன்று அவருடைய மகனுக்கு வயது மூன்று. வளர்ந்தபின், அதனைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டான். வாப்பாவின் சொல்லைக் காட்டி மறுத்துவிட்டேன். தாயின் முகம் அவனுக்கு நினைவில்லை என்பது என் சிந்தையில் உறைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் பெட்டியைத் திறந்து, அப்படத்தை அவன் கையில் வைத்தேன். பெரிதாக்குவதோ சுவரில் மாட்டுவதோ இனி அவன் முடிபு. அவன் வெகுநேரம் பார்த்தான்.

“நான் உம்மாவைப் போலயா இருக்கிறன், மாமா?”

“ஓம் மகன். கண் ரெண்டும் அவட கண்தான்.”

எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.