ஏரியோரமும் எழுத்து மூலமான உறுதியும்

ஏரியைக் காப்பதென்றால் கரையை உயர்த்துவதும் மதகைச் செப்பனிடுவதுமே என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். ஏரியின் உயிர்நிலை அதன் ஓரத்தில் இருக்கிறது. கோரையும் சம்பும் மண்டிய ஆழமற்ற நீரிலேதான் விரால் மீன் செடிகளை விலக்கிக் கூடு அமைத்து, குஞ்சுகளுக்குக் காவல் நிற்கிறது. வயலிலிருந்து அரித்து வரும் வண்டலையும் உரத்தையும் ஓரளவு தடுத்து நிறுத்துவதும் அப்பகுதியே. அங்கே கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கினால், நடுவில் எவ்வளவு நீர் நின்றாலும் மீன் பெருக இடமில்லை.

கள்ளிக்குப்பத்தார் இதனை நன்கு அறிவர். அம்பத்தூர் ஏரியின் மிகுநீரைப் பெறும் கொரட்டூர் ஏரி, கழிவுநீராலும் ஆக்கிரமிப்பாலும் நலிந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குச் சென்றது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆனால் எல்லைக்கல்லுக்கு அப்பால், நீர்ப்பிடிப் பக்கத்தை ஒட்டிய பட்டா நிலத்தை மனையாக்காமல் காப்பது, அதன் உடைமையாளர் மனமுவந்து செய்ய வேண்டிய காரியமாகும்.

இது நமக்குப் புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரியில் வரும் பறவைகளை எவரும் சுடலாகாதென்று கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, எழுத்து மூலமாகவே கௌல் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த நீர் அவர்களுடைய வயலுக்கு உரமாயிற்று. அவ்வேரி 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது.

அமெரிக்காவில் நிலவுடைமையாளர், நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் ஓர் அறநிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கின்றனர். நிலம் கைமாறினும் அவ்வொப்பந்தம் வாங்கியவரைக் கட்டுப்படுத்தும். நம் நாட்டில், 2002-இல் திருத்தப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நிகரான வழியொன்றைத் திறந்திருக்கிறது. தனியாரோ சமூகத்தாரோ தாமாக முன்வந்து காக்கும் நிலத்தை மாநில அரசு ‘சமூகக் காப்பகம்’ என அறிவிக்கலாம். பின்னர் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இன்றி அந்நிலத்தின் பயன்பாட்டை மாற்ற இயலாது. பஞ்சாபில் கேஷோப்பூர்ச் சதுப்புநிலம் இவ்வாறே காக்கப்பட்டு, 2019-இல் ராம்சார் சிறப்பையும் அடைந்தது. மீன் வளர்ப்புக் குளங்களும் பயிர் நிலங்களும் அதனுள் அடங்கியுள்ளன என்பது கவனிக்கத்தக்கது.

சென்னையின் மனை விலை ஏறுந்தோறும் சபலமும் ஏறும் என்பதை மறுப்பதற்கில்லை. ஒருவர் தம் ஓரத்தைக் காத்து, அடுத்தவர் மேடாக்கினால், காத்தவருக்கும் பயனில்லை. ஆதலின் இது தனியொருவரின் தருமமன்று, கூட்டுறவின் கடமையாகும். ஏரியை ஒட்டி நிலமுடைய அங்கத்தினர் ஒன்றுகூடி, எத்தனை அடி அகலம் விடுவது என்பதை அளந்து, வரைபடத்துடன் எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். அப்பகுதியில் மண் கொட்டுவதில்லை, கோரையை வேரோடு களைவதில்லை என்று அவ்வுறுதியில் குறித்தல் வேண்டும். சாயமிடும் நெசவாளர், சாயநீரை ஏரிக்கு விடுவதில்லை என்று அதிற் சேர்ந்து ஒப்பமிடலாம். ஆண்டுதோறும் கோடையில் நீர் வற்றியதும் எல்லையைச் சுற்றிப் பார்த்து, நிலைமையைப் பொதுக்கூட்டத்தில் வாசிப்பதும் அவசியம்.

வாய்ச்சொல் தலைமுறை மாறினால் மறைந்துவிடும், எழுத்து நிற்கும். நிலத்தை இழவாமலே ஏரியைக் காக்க வழியிருக்கையில், அதனைக் கைக்கொள்ளாதிருப்பது கூட்டுறவாளர்க்கு அழகன்று.