டிக்கெட் வாங்கிய பிறகும் படகில் ஏற மறுக்கலாம்

மதுரைக்குக் கடல் தூரம். ஆனாலும் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்பது படகு சவாரிதான். வைகையில் தண்ணீர் வந்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நிறைந்தால் ஊருக்குள்ளேயே ஆசை தீரும். இல்லாவிட்டால் கொடைக்கானல் ஏரி, தேக்கடி என்று குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம்.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நம் மாநிலத்திலிருந்து போனவர்களும் அதில் உண்டு. புயல் இல்லை, பெரிய அலை இல்லை. கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கம் ஒதுங்கினார்கள், படகு சாய்ந்தது. மேல்தட்டில் ஆள் கூடக் கூடப் படகின் கனம் மேலே ஏறும். அப்போது சிறு சாய்வுகூட நிமிராமல் போய்விடும்.

பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று, மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆளேற்றி, இருட்டிய பிறகு ஓட்டியதில் 22 பேர். வடோதரா ஹர்னி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று, சுற்றுலா வந்த 12 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியைகளும். எத்தனை பேரை ஏற்றுவது, யாருக்கு லைஃப் ஜாக்கெட் கொடுப்பது என்பதெல்லாம் படித்துறையில் முடிவாகிற விஷயம். அங்கேயே தடுத்திருக்கலாம் என்பதுதான் மனதை அறுக்கிறது.

தடுக்கச் சட்டம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 284-ஆம் பிரிவின்படி, உயிருக்கு ஆபத்து வரும் அளவுக்குப் பழுதான அல்லது பாரம் மிகுந்த படகில் கூலிக்கு ஆளேற்றுவதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம், 112-க்கு அழைக்கலாம். இயந்திரப் படகென்றால் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும், தகுதி ஆய்வுச் சான்றிதழும், காப்பீடும் வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள், ஏறியவர்களை எண்ணுங்கள். கூடுதலாக இருந்தால் இறங்கிவிடுங்கள். பணம் போனாலும் பரவாயில்லை.

லைஃப் ஜாக்கெட்டைப் பேருக்கு மாட்டிவிடுவார்கள். பிள்ளைக்கு மாட்டியதும் இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் அது பெரிய அளவு; தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிவிடும். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டினாலும் சரிவராது, சின்ன அளவுதான் கேட்க வேண்டும். கொக்கிகள் எல்லாம் பூட்டுகின்றனவா, உள்ளிருக்கும் நுரைப் பட்டை நொறுங்கிக் கிடக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். படம் எடுப்பதற்காகக் கழற்றச் சொன்னால் கழற்றாதீர்கள். யானை தெரிந்தாலும் எழுந்து ஓடாதீர்கள். சிறு படகு கவிழ்ந்தால் நீந்திக் கரை சேரப் பார்க்காமல் படகையே பற்றிக்கொண்டிருப்பது நல்லது.

‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பலகை வைத்துவிட்டால் அலட்சியத்துக்கான பொறுப்பு போய்விடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி படகு சவாரியும் காசுக்குப் பெறும் சேவைதான். அரசு நிறுவனம் நடத்தினாலும் அப்படித்தான். சம்பவம் தேக்கடியில் நடந்திருந்தாலும், மதுரையில் குடியிருப்பவர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இறந்தவரின் வாரிசுகளுக்கும் இந்த உரிமை உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும்.

ஆகவே டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள். படகின் பெயர், பதிவு எண், ஆள் ஏறியிருக்கும் நிலை மூன்றையும் கரையிலேயே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சட்ட உதவிக்கு 15100.