நான் பன்னிரண்டு ஓட்டுப் போட்ட விடியற்காலை

சொன்னால் நம்பமாட்டீர்கள். 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, பொழுது நன்றாக விடிவதற்குள் பன்னிரண்டு ஓட்டுப் போட்டுவிட்டேன். வாசலில் புதுச்சேரிக்கே உரிய சிவப்புத் தொப்பியோடு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டார், அவ்வளவுதான்.

அவசரப்பட்டுப் புகார் எழுதிவிடாதீர்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் மக்களவைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். பூத் ஏஜென்ட் கிடைக்காமல் அவர் திண்டாடியபோது நான் கையைத் தூக்கினேன். கொள்கைப் பற்றெல்லாம் ஒன்றுமில்லை. அந்த வாக்குப்பதிவு இயந்திரப் பெட்டியைப் பொதுமக்கள் பார்க்காத நேரத்தில் பார்க்கவேண்டும் என்று பல வருஷத்து ஆசை. நல்ல வடிவமைப்பு எங்கே இருந்தாலும் போய் மோந்து பார்க்கிற கிறுக்கு எனக்கு உண்டு. மனிதரும் கருவியும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று யோசிக்கிற கலைக்கு ‘இன்டராக்ஷன் டிசைன்’ என்று பெயர் வைத்து, 2012இல் டப்ளினில் தொடங்கி உலக அளவில் விருதெல்லாம் கொடுத்தார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூட வகுப்பறையில் அந்தக் கலையின் அசல் சரக்கு ஒன்று வந்து இறங்கும்போது சும்மா வீட்டில் படுத்திருக்க முடியுமா?

வாங்க, உள்ளே போவோம். செல்போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அனுமதி இல்லை.

முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மணி ஐந்தேகால். கொசுவர்த்திப் புகையும் நேற்றைய சாம்பார்ப் பொட்டல வாசமும் கலந்து அடிக்கிறது. தேர்தல் அலுவலர்கள் முந்தின நாளே பெட்டிகளோடு வந்து இங்கேயே படுத்தவர்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட கட்டில், சுருட்டிய பெட்ஷீட், கரும்பலகைக் கம்பியில் காயும் துண்டு. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். தலையில் இன்னும் ஈரம் சொட்டுகிறது. “சார், டீ வருது. அதுக்குள்ள டேபிளைக் கொஞ்சம் நகத்தலாமா?” இதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு.

டேபிளை நகர்த்தியது வீண் வேலை இல்லை. வாக்களிக்கும் மறைப்பு டியூப்லைட்டுக்கு நேர் கீழே இருந்தது. வாக்கைச் சீட்டில் அச்சடித்துக் காட்டுகிற விவிபேட்டின் மேல் வெளிச்சம் நேராக விழக்கூடாதாம். ஜன்னல் வழியாக யாரும் எட்டிப் பார்க்கிற இடமாகவும் இருக்கக்கூடாது. ஏஜென்டுகளாகிய நாங்கள் வாக்காளரின் முகத்தைப் பார்க்கலாம், விரல் எங்கே போகிறது என்பதைப் பார்க்கக்கூடாது. நாலு பேர் சேர்ந்து மேசையை இழுத்தோம். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே மேசையின் இரண்டு காலைப் பிடித்துத் தூக்கியதை நான் கண்ணால் பார்த்தேன், படம்தான் எடுக்க முடியவில்லை.

ஐந்தரை. மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது ஐம்பது ஓட்டு, நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒன்றாவது விழவேண்டும். ஒரு பெட்டியில் 16 பொத்தான். அதற்கு மேல் ஆள் நின்றதால் எங்களுக்கு இரண்டு பெட்டி. என் வேட்பாளர் இரண்டாவது பெட்டியில் கீழே, நோட்டாவுக்கு அக்கம்பக்கத்து வீடு.

நான்தான் முதலில் போனேன். இந்தப் பக்கம் மூன்றாம் அலுவலர் தன் கருவியில் ‘பேலட்’ பொத்தானை அழுத்தினார். அவருக்கு ஒரு சிவப்பு விளக்கு, எனக்கு ஒரு பச்சை விளக்கு. நீலப் பொத்தானை அழுத்தினேன். சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மினுக்கியது. கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு எட்டிப் பார்த்தது. “ஒண்ணு, ரெண்டு, மூணு...” என்று வெளியே எல்லோரும் கோரஸாக எண்ணினார்கள். ஏழு விநாடி. சீட்டு அறுந்து விழுந்தது. பீஈஈப்!

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது தெரியுமா? என் முன்னால் இருந்த பெட்டியிலிருந்து இல்லை, அலுவலர் மேசையிலிருந்து. எனக்குப் புல்லரித்தது. யாருக்குப் போட்டேன் என்பதை விளக்கு எனக்கு மட்டும் சொல்லிவிட்டது. போட்டாயிற்று என்பதை மட்டும் சத்தம் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. ரகசியத்தையும் சாட்சியத்தையும் இப்படிக் கண்ணுக்கும் காதுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தவனைக் கூப்பிட்டு மாலை போடவேண்டும் போலிருந்தது.

ஒருவருக்கு மாலை விழுந்தும் இருக்கிறது, அவர் நம்ம எழுத்தாளர் சுஜாதா. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் எஸ்.ரங்கராஜனாக வேலை பார்த்தபோது இந்த இயந்திரத்தின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்டவர். அதற்காக வாஸ்விக் விருதும் வாங்கினார். பெட்டிக்கு உருவம் கொடுத்ததில் பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் ஏ.ஜி.ராவ், ரவி பூவையா இருவருக்கும் பங்கு உண்டு. சுஜாதா கதைகளின் கணேஷ்-வசந்தைத் தெரிந்த அளவுக்கு இந்த நீலப் பொத்தான் விஷயம் நம் ஆட்களுக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த கட்சி ஏஜென்ட் தம்பியிடம் சொன்னேன். “எந்திரன்ல வசனம் எழுதுனாரே, அவரா?” என்றான். அவரேதான் தம்பி.

புதுச்சேரிக்கும் இந்தப் பெட்டிக்கும் பழைய உறவு. 1982இல் கேரளத்துப் பரவூரில் ஐம்பது சாவடிகளில் முதலில் வைத்துப் பார்த்து, சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, பிறகு சட்டத்தைத் திருத்தி, மெல்ல மெல்ல வளர்ந்து, 2001 மே மாதச் சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில் நடந்த இடங்களில் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கத்தோடு புதுச்சேரியும் ஒன்று. இங்கே தமிழ், மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. மூன்று மொழிக்கும் ஒரே பீப்.

ஓட்டுப் போடுவது கொஞ்ச நேரத்தில் திருவிழாவாகிவிட்டது. “அண்ணே, எங்க தலைவருக்கு ஒண்ணு குத்துங்க, பழகிக்குங்க!” “நோட்டாவுக்கு ஏழா? நோட்டாதான்யா முன்னிலை!” யார் யாருக்கு எத்தனை என்று ஆளாளுக்குக் காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டார்கள். என் சுயேச்சைக்கு நாலு. “சந்தோஷமா வீட்டுக்குப் போங்க சார், இதுக்கு மேல வராது” என்றார் மூன்றாம் அலுவலர். அவரே அடக்க முடியாமல் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, என்ன செய்ய.

பிறகு சட்டென்று எல்லோரும் சீரியஸ். குளோஸ், ரிசல்ட், கிளியர். இந்த மூன்றையும் சேர்த்து ‘சி.ஆர்.சி.’ என்று மந்திரம் மாதிரிச் சொல்கிறார்கள். ரிசல்ட்டை அழுத்தியதும் ஒவ்வொரு எண்ணாக வந்தது, எங்கள் கோடுகளோடு அப்படியே ஒத்துப்போனது. விவிபேட்டுக்குள் விழுந்த சீட்டுகளைக் கொட்டி எண்ணி, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டார்கள். வாத்தியார் மட்டும் விடவில்லை. “கிளியர் பண்ணியாச்சா?” “ஆச்சு சார்.” “மொத்தம்?” “ஜீரோ.” “எல்லாரும் பாத்தாச்சா?” “பாத்தாச்சு சார்.” இன்னொரு முறை “மொத்தம்?” எங்கள் வகுப்பில் வாய்ப்பாடு கேட்ட மாதிரியே இருந்தது. நாங்களும் பையன்கள் மாதிரியே “ஜீரோ சார்!” என்று கத்தினோம்.

பச்சைக் காகித முத்திரையில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கை வியர்த்து என் பெயரின் கடைசி எழுத்து இழுபட்டுவிட்டது. அது ஜூன் 4 எண்ணிக்கை வரைக்கும் பெட்டியோடு பயணம் போகப்போகிறது என்று நினைத்ததும், இன்னும் அழகாகப் போட்டிருக்கலாம் என்று வருத்தம். மெழுகுவர்த்தியில் அரக்கு உருக்கி முத்திரை வைத்தவர் விரலைச் சுட்டுக்கொண்டு உதறினார். டீ வந்தபோது ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மணி ஏழு. கதவு திறந்தது. பாதிப் பேர் மூச்சுப் பிடித்திருந்தோம், ஒத்திகையில் ஒழுங்காக வந்த பீப் நிஜத்தில் வருமோ என்று. முதலில் வந்தது ஒரு பாட்டி. விரலில் மை, கையெழுத்து எல்லாம் முடிந்து மறைப்புக்குள் போனார். அவருடைய வீட்டுக்காரர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தத் தாத்தா ‘சொல்தா’, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சுக் குடிமகன். இங்கே அவருக்கு ஓட்டுக் கிடையாது. 2022இல் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு இதே ஊரில் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் அவர் போட்ட ஓட்டு காகிதச் சீட்டு, உறை, உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் பெட்டி. உறை உள்ளே விழுந்ததும் அங்கே ஒருவர் உரக்கச் சொல்வார், “ஆ வோத்தே”, அதாவது வாக்களித்தாயிற்று என்று. வரிசையைப் பார்த்துக்கொண்டே போலீஸ்காரரிடம் இதை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டி உள்ளே நேரம் எடுத்துக்கொண்டார். ஏழு விநாடி எழுபதாக நீண்டது. வாத்தியார் நெற்றியைத் துடைத்தார்.

பீஈஈப்.

“ஆ வோத்தே!” என்று வாசலிலிருந்து கத்தினார் தாத்தா.

“உங்க ஓட்டுக்குக் கத்துங்க, என் ஓட்டுக்கு எதுக்குக் கத்துறீங்க?” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தார் பாட்டி. வரிசை முழுக்கச் சிரித்தது. மூன்றாம் அலுவலர் அடுத்த ஆளுக்குப் ‘பேலட்’ அழுத்தினார்.